அசல் என்பது எந்த அடுக்கு?

பழைய சுழல்துப்பாக்கி ஒன்று மேசைக்கு வந்ததும் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகக் காப்பாளர்களும் எழுப்பும் முதல் வினாக்களுள் ஒன்று, அதன் மேற்பரப்பு தொழிற்சாலையைவிட்டு வெளியேறிய நாளில் இருந்ததுதானா என்பது. ஆங்கிலத்தில் ‘ஒரிஜினல் ஃபினிஷ்’ என்னும் இரண்டு சொற்களில் இவ்வினா அடங்கிவிடுகிறது. தமிழில் அதைச் சொல்ல முனைபவர் இரண்டு சொற்களிலும் இடறுகிறார். ‘ஃபினிஷ்’ என்றவுடன் நினைவில் எழுவது ‘மேற்பூச்சு’. ‘ஒரிஜினல்’ என்றவுடன் எழுவது ‘அசல்’. இவ்விரண்டையும் சேர்த்து ‘அசல் மேற்பூச்சு’ என்று எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்ததாகத் தோன்றும். ஆனால் துப்பாக்கியை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கத் தொடங்கிய கணத்திலிருந்து அச்சொற்றொடரின் இரு பகுதிகளும் தடையாகவே நிற்கின்றன.

முதல் இடர்ப்பாடு ‘பூச்சு’. பூசுவதற்கு ஒரு பொருள் வேண்டும். அப்பொருள் வெளியிலிருந்து வந்து பரப்பின்மேல் படிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுழல்துப்பாக்கிகளில் மிகுதியாகக் காணப்படும் கருநீல நிறம் அவ்வாறு வெளியிலிருந்து வந்ததன்று. அது எஃகே மாறி அடைந்த நிலை. இரும்பு, ஆக்சிஜனோடு கூடி மேக்னடைட் என்னும் கரிய ஆக்சைடாக மாறுகிறது. செந்துருவும் இரும்பின் ஆக்சைடே. ஆயினும் அது உதிர்ந்து அடியிலுள்ள இரும்பை மேலும் தின்னக்கூடியது. மேக்னடைட் ஒட்டி நின்று ஓரளவு காக்கக்கூடியது. பழைய முறையொன்றில் எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்டு, கொதிநீரில் இட்டு அத்துருவைக் கருமையாக்கி, உதிரியைத் துலக்கியெடுத்து, மீண்டும் மீண்டும் இதையே செய்வர். மற்றொன்றில் மெருகேற்றிய உறுப்புகளை உலையில் கரியோடு சூடாக்குவர். இருபதாம் நூற்றாண்டில் பரவிய முறை, சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் கலந்து ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் கொதிக்கும் கரைசலில் உறுப்புகளை அமிழ்த்துவது. இம்மூன்றிலும் கிடைக்கும் படலம் கண்ணுக்குத் தனியே தெரியாத அளவு மெல்லியது. எதிலும் பூச்சு என்று பிரித்தெடுக்க ஒன்றுமில்லை.

நிக்கல் வேறு. அது உண்மையில் வெளியிலிருந்து வருவது. மின்பகுப்பின்வழி எஃகின்மேல் படிவது. அதற்குத் தமிழில் ‘முலாம்’ என்ற துல்லியமான சொல் வழக்கில் உள்ளது. ஐசக் ஆடம்ஸ் 1869இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமைக்குப் பின் நிக்கல் முலாம் வணிக அளவில் பெருகியது. கரும்பொடித் தோட்டாக்கள் வழங்கிய காலம் அது. வெடித்த பின் எஞ்சும் கசடு ஈரத்தை உறிஞ்சி எஃகை அரிக்கும், கைவியர்வையும் அரிக்கும். நீலத்தைவிட நிக்கல் இவற்றைத் தாங்கி நின்றதால் துப்பாக்கி வாங்குவோர் பலர் அதை விரும்பினர்.

மூன்றாவது வகை வன்மேற்பரப்பாக்கம். எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைந்த பெட்டியில் இரும்பு உறுப்பை வைத்து, செஞ்சூட்டில் பல மணிநேரம் காய்ச்சி, திடீரென நீரில் இறக்குவர். கரி இரும்பின் மேல்தோலுக்குள் ஊடுருவி அதைக் கடினமாக்குகிறது. கூடவே நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகம்போல் கலந்த நிறங்கள் தோன்றுகின்றன. இவ்வேலையின் முதன்மை நோக்கம் கடினத்தன்மை. நிறங்கள் அதனோடு வந்தவை. பின்னாளில் வாங்குவோர் கண்ணுக்கு அந்நிறங்களே பெருமையாயின. நான்காவது, போர்க்காலங்களில் பெருகிய பாஸ்பேட் மேற்பரப்பு. சாம்பல் நிறமும் சொரசொரப்பும் ஒளிமங்கலும் உடையது. ஐந்தாவதாக, பிரித்தானிய இராணுவத்தின் என்ஃபீல்டு சுழல்துப்பாக்கிகள் சில பழுதுபார்க்கப்பட்டபோது அவற்றுக்கு இடப்பட்ட கறுப்பு எனாமல் சாயம். பூச்சு என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது இந்தக் கடைசி ஒன்றுக்கே.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தமிழ் வினைச்சொற்கள் இங்கே ஆய்வுக்கருவிகளாகின்றன. முலாம் உரிகிறது, உரிந்த இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவே நகநுனியில் தட்டுப்படும் விளிம்பு இருக்கும். நீலம் தேய்கிறது, அதற்கு விளிம்பு கிடையாது, கருநீலம் மெல்ல மெல்லச் சாம்பலாகவோ பழுப்பாகவோ கரைந்து மறையும். வன்மேற்பரப்பின் நிறங்கள் மங்குகின்றன. வெளிச்சமும் கைபடுதலும் அவற்றை வெள்ளிச் சாம்பலாக்கிவிடும். நிறம் போன பின்னும் கடினத்தன்மை இருக்கும். சாயம் சிதைந்து செதிலாகக் கழலும். ஒரு துப்பாக்கியின் மேற்பரப்பு எவ்வாறு அழிந்திருக்கிறது என்பதை உரிய வினைச்சொல்லால் எழுதிவிட்டால், அது எவ்வாறு உண்டாயிற்று என்பதில் பாதி வெளிப்பட்டுவிடும். எல்லாவற்றையும் ‘பூச்சு போய்விட்டது’ என்று எழுதும் பட்டியல் அட்டை அப்பாதியை இழக்கிறது.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க இராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி என்னும் சுழல்துப்பாக்கியைக் கொள்ளலாம். அதன் வழக்கமான அமைப்பில் சட்டகமும் சுத்தியலும் வன்மேற்பரப்பு நிறங்களோடும், குழலும் தோட்டா உருளையும் விசைக்காப்பும் நீலத்தோடும், திருகாணிகள் மயில்கழுத்துப் போன்ற ஒளிர்நீலத்தோடும் இருந்தன. அவ்வொளிர்நீலம் ஏறத்தாழ 300 பாகையில் எஃகின்மேல் உண்டாகும் மிக மெல்லிய படலத்தில் ஒளி குறுக்கிட்டுத் தோற்றுவிக்கும் நிறம், விரைவில் போய்விடக்கூடியது. ஆகவே நூற்றைம்பது ஆண்டு கடந்த ஒரு கோல்ட்டின் சட்டகம் சாம்பலாகிவிட்டிருக்க, அதன் திருகாணித் தலைகள் மட்டும் நேற்றுச் செய்தவைபோல் மின்னுமானால் கேட்க வேண்டிய கேள்வி எழுந்துவிட்டது. ஒன்று திருகாணிகள் புதியவை, அல்லது அவற்றின் நிறம் புதியது.

தேய்மானத்துக்கு ஒரு தருக்கம் உண்டு. தோலுறையில் நுழைந்து வெளிவரும் துப்பாக்கி முதலில் குழல்வாயின் பக்கங்களிலும் உருளையின் முன்விளிம்பிலும் நிறம் இழக்கும். கையில் ஏந்தப்பட்டது கைப்பிடியின் முன்பட்டையிலும் பின்பட்டையிலும் இழக்கும். உருளையின் பள்ளங்கள், தோட்டாவெளியேற்றும் தண்டின் உறைக்கு அடிப்பகுதி, கைப்பிடிப் பலகைகள் மூடியிருக்கும் இடம் ஆகியவை காக்கப்பட்டிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு நிறம் இருப்பதும், எல்லா இடத்திலும் ஒரே அளவு நிறம் இல்லாதிருப்பதும் ஐயத்துக்குரியவை. அவற்றைவிட ஐயத்துக்குரியது, கை படும் இடத்தில் நிறம் செறிந்தும் கை படாத இடத்தில் தேய்ந்தும் இருப்பது.

முறையியல் நோக்கில் மிகவும் உறுதியான சான்று துருக்குழி. துரு, மேற்பரப்பு அமைந்த பின்னர் வருவது. வந்து அதைத் தின்று, அதன் கீழுள்ள எஃகில் குழி தோண்டுவது. ஆகவே முதல் மேற்பரப்பு அப்படியே இருக்கும் துப்பாக்கியில் குழியின் அடிப்பகுதியில் அந்த மேற்பரப்பு இருக்க முடியாது. குழிக்குள்ளும் சுற்றுப்புறத்தில் உள்ள அதே நீலம் சீராகப் படர்ந்திருந்தால், அல்லது நிக்கல் குழியை மூடிக்கொண்டு ஓடியிருந்தால், நிகழ்ச்சிகளின் வரிசை முடிவாகிவிட்டது: முதலில் துரு, பிறகு இந்த நிறம். அதாவது இது இரண்டாம் கை. ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். நெடுநாள் எண்ணெய் ஊறிக் கிடந்த பழந்துருவும் குழிக்குள் கருமையாகவே தோன்றும். அது நீலமா, முதிர்ந்த துருவா என்பதை வெறும் கண்ணால் தீர்மானித்தல் கூடாது.

அடுத்தது மெருகேற்றத்தின் தடயம். எந்தப் புதிய மேற்பரப்பும் பழையதை நீக்கிய பின்னரே இடப்படும். நீக்குதல் என்பது பெரும்பாலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தல். தொழிற்சாலையில் தேர்ந்த மெருகாளர் கூர்மையாக விட்ட விளிம்புகளைப் பிற்காலப் பட்டறையின் மென்சக்கரம் உருட்டிவிடுகிறது. திருகாணித் துளைகளின் வாய் கிண்ணம்போல் தாழ்கிறது. தட்டையான பக்கத்தில் ஒளியைச் சாய்த்துப் பார்த்தால் நீரலைபோல் நெளிவு தெரியும். குழலில் அச்சிடப்பட்ட நிறுவனப் பெயரின் எழுத்துகள் ஆழம் குறைந்து, ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். நிறத்தை எவ்வளவு திறமையாக மீட்டாலும் போன உலோகத்தை மீட்க இயலாது. அதனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் எழுத்துகளைப் பார் என்பதே அனுபவமுள்ளோர் கூறும் முதல் பாடம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் பழைய துப்பாக்கிகளில் வேறொரு சோதனை உண்டு. தொழிற்சாலையிலேயே நிக்கல் முலாம் இடப்பட்டவற்றில் விசையும் சுத்தியலும் வழக்கமாக முலாம் பெறவில்லை. வன்மேற்பரப்பு நிறங்களோடே விடப்பட்டன. வெளிப்பட்டறைகள் பெரும்பாலும் இவ்வழக்கத்தை அறியாமலோ பொருட்படுத்தாமலோ எல்லா உறுப்புகளையும் தொட்டியில் இட்டுவிடும். ஆகவே விசையும் சுத்தியலும் சேர்ந்து பளபளக்கும் நிக்கல் துப்பாக்கி தன் மீள்வேலையைத் தானே அறிவிக்கிறது. முலாமின் நிறமும் பேசும். நிக்கலில் மெல்லிய மஞ்சள் வெதுவெதுப்பு இருக்கும்; குரோமியம் நீலம் கலந்த குளிர்வெண்மை. குரோமிய முலாம் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது 1920களில்தான். 1890ஆம் ஆண்டின் துப்பாக்கியில் குரோமியம் இருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

பொருளின் சான்று இவ்வாறிருக்க, ஏட்டின் சான்றும் உண்டு. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய நிறுவனங்களின் பழைய ஏற்றுமதிப் பேரேடுகளிலிருந்து வரிசை எண்ணைக் கொண்டு, அத்துப்பாக்கி எந்த நாளில், எவருக்கு, எந்த மேற்பரப்போடு அனுப்பப்பட்டது என்று சான்றுக்கடிதம் பெறும் வழக்கம் உள்ளது. பேரேட்டின் மொழியும் தனியே கற்க வேண்டியது. கோல்ட் பேரேடுகளில் சில பதிவுகளில் மேற்பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் ‘சாஃப்ட்’ என்று எழுதப்பட்டிருக்கும். நேர்ப்பொருளில் ‘மென்மையானது’. உண்மையில் அது, கடினமாக்கப்படாமலும் நிறமிடப்படாமலும் செதுக்குவேலைக்காரருக்கு அனுப்பப்பட்டது என்பதற்கான தொழிற்குறி. கடினமாக்கிய எஃகில் உளி ஓடாது என்பதே அச்சொல்லின் பின்னுள்ள காரணம். அகராதியை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு அப்பதிவு பொருளற்றது. பட்டறையை அறிந்து படிப்பவருக்கோ, செதுக்குவேலைக்கென்றே தொழிற்சாலையை நீங்கிய துப்பாக்கி என்னும் அரிய செய்தி அந்த ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் ஏடு ஒன்றை மட்டுமே மெய்ப்பிக்கும்: துப்பாக்கி எப்படிப் புறப்பட்டது என்பதை. இப்போது கையில் இருக்கும் நிறம் அன்று இட்ட நிறமே என்பதை அது மெய்ப்பிக்காது. நீலத்தில் புறப்பட்டது எனக் கடிதம் சொல்லும். கையில் இருப்பதும் நீலமே. நடுவே ஒருமுறை தேய்த்தழிக்கப்பட்டு மீண்டும் நீலமாக்கப்பட்டிருக்கலாம். கடிதத்துக்கும் பரப்புக்கும் பொருத்தம் இருப்பது வேறு, தொடர்ச்சி இருப்பது வேறு. இவ்வேறுபாட்டைச் சுவடிப் பதிப்பில் பழகியவர்கள் எளிதில் உணர்வர். ஒரு பாடம் மூலத்தோடு ஒத்திருப்பதால் மட்டும் அந்தச் சுவடி மூலச்சுவடி ஆகிவிடாது.

இங்கே இரண்டாவது இடர்ப்பாடு தலைகாட்டுகிறது: ‘அசல்’. தமிழில் அசலுக்கு எதிர்ச்சொல் நகல், அல்லது போலி. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அச்சொல் நம்மை வற்புறுத்துகிறது. துப்பாக்கிகளின் வரலாறு அவ்வற்புறுத்தலுக்கு இணங்குவதில்லை.

அமெரிக்க இராணுவம் 1892இல் .38 அளவுடைய புதிய கோல்ட்டை ஏற்றுக்கொண்டபோது பழைய .45 சிங்கிள் ஆக்ஷன்கள் கிடங்குகளுக்குத் திரும்பின. பின்னர் 1890களின் நடுப்பகுதியிலிருந்து அவற்றில் பெருந்தொகையானவை பழுதுபார்க்கப்பட்டன. ஏழரை அங்குலக் குழல்கள் ஐந்தரை அங்குலமாக வெட்டப்பட்டன. பிரித்த உறுப்புகள் எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தன என்று பாராமல் மீண்டும் கோக்கப்பட்டன. ஒரே துப்பாக்கியில் நான்கைந்து வரிசை எண்கள் காணப்படுவது இதனால்தான். மேற்பரப்பும் தேவைப்பட்ட இடத்தில் புதுப்பிக்கப்பட்டது. இன்று இவை ‘ஆர்ட்டிலரி’ வகை என்று அறியப்படுகின்றன. 1898ஆம் ஆண்டு ஸ்பானிய-அமெரிக்கப் போருக்கும் அதன் பின் பிலிப்பைன்ஸுக்கும் சென்றவை இவையே. பிலிப்பைன்ஸில் .38 போதவில்லை என்ற முறையீட்டால் பழைய .45க்கு மீண்டும் மதிப்பு வந்தது.

அந்தத் துப்பாக்கியின் மேல் உள்ள இரண்டாம் நீலம் அசலா, நகலா? 1873இன் நோக்கில் அது அசலன்று. 1898இன் நோக்கில் அதைவிட அசலானது வேறில்லை; அந்தப் போர்வீரனின் கையில் இருந்தது அந்த நீலமே. இதை ‘மீட்கிறேன்’ என்று நீள்குழல் பொருத்திக் குதிரைப்படைத் துப்பாக்கியாக மாற்றுபவர் முந்தைய வரலாற்றை மீட்பதில்லை; இருந்த வரலாறு ஒன்றை அழித்து, இல்லாத ஒன்றை எழுதுகிறார். 1876ஆம் ஆண்டு லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டர் தலைமையில் சென்ற ஏழாம் குதிரைப்படையோடு தொடர்புடைய எண் எல்லைக்கு அருகில் வரும் கோல்ட்டுகளின் விலை பன்மடங்கு உயர்வதால் இத்தகைய திரிப்புகளுக்குச் சந்தையும் இருந்துவந்திருக்கிறது.

இதே நிலை 1917ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகளுக்கும் உண்டு. முதல் உலகப்போரில் நீலத்தோடு வழங்கப்பட்ட பல, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைக்கலச் சாலைகளில் புதுப்பிக்கப்பட்டுப் பாஸ்பேட் சாம்பலாயின. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் தொழிற்சாலைக்கே திரும்பிவந்த துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தபின் கைப்பிடியடியில் வரிசை எண்ணருகே விண்மீன் குறி ஒன்றைப் பொறிக்கும் வழக்கம் கொண்டிருந்தது. அதே நிறுவனம், அதே தொழிலாளர்கள், அதே முறை. ஆனால் முதல் மேற்பரப்பு அன்று. இதற்கு ‘அசல்’ என்றும் எழுத இயலாது, ‘போலி’ என்றும் எழுத இயலாது. அந்நிறுவனம் சிறிய விண்மீன் ஒன்றால் இச்சிக்கலைத் தீர்த்தது. பட்டியல் எழுதுவோர் சொல்லால் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாப் பரப்பும் போய்விட்ட பின்னும் சான்று இருக்கக்கூடும் என்பதற்கு வேறொரு துப்பாக்கி எடுத்துக்காட்டு. பிரான்ஸின் ஓவேர் சுர் ஓவாஸ் கிராமத்து வயலில் கிடைத்ததும், 1890இல் வின்சென்ட் வான் கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படுவதுமான ஏழு மில்லிமீட்டர் லெஃபோஷே வகைச் சுழல்துப்பாக்கி 2019 ஜூனில் பாரிஸில் ஏலம் போனது. கட்டணங்கள் உட்பட 1,62,500 யூரோ. அதில் நீலமோ நிக்கலோ எதுவும் எஞ்சவில்லை, முழுதும் துரு. அது வான் கோவின் கையில் இருந்ததுதான் என்று ஐயமற நிறுவப்படவும் இல்லை. எனினும் அக்கருத்தை ஏற்கத்தக்கதாக்கிய காரணங்களுள் ஒன்று, அது மண்ணில் பல்லாண்டுகள் கிடந்ததைக் காட்டும் அரிப்பே. யாரேனும் அதைத் துலக்கிப் பளபளப்பாக்கியிருந்தால் அத்துப்பாக்கியிடம் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

துலக்குபவர்கள் தீயவர்கள் அல்லர் என்பதுதான் இதில் துயரமானது. போலி செய்து விற்பவர்கள் சிலரே. பெரும்பாலான மேற்பரப்புகள் அன்பினாலேயே அழிகின்றன. தாத்தாவின் துப்பாக்கி அலமாரியில் பழுப்பேறிக் கிடக்கிறது. பேரன் அதற்கு மரியாதை செய்ய விரும்பிப் பட்டறைக்குக் கொடுக்கிறான். அது கண்ணாடிபோல் மின்னித் திரும்பிவருகிறது. தாத்தாவின் கைரேகை தேய்த்த இடம் எதுவென்று அதன்பின் எவராலும் சொல்ல முடியாது. அவர் வலக்கையரா, தோலுறையில் அணிந்தாரா, பெட்டியிலேயே பூட்டிவைத்தாரா என்னும் செய்திகளெல்லாம் சக்கரத்தில் பொடியாகிப் போயின. அங்கே அழிந்தது விலைமதிப்பு மட்டுமன்று.

சந்தை இதை விழுக்காட்டால் அளக்கிறது. அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கு வகுத்த தரநிலையில் முதல் மேற்பரப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருப்பது ‘மிகச்சிறப்பு’; 30க்கு மேல் எஞ்சியிருப்பது அதற்கு அடுத்த நிலை. வாங்கவும் விற்கவும் இவ்வளவை உதவும். ஆனால் அது எஞ்சியதை மட்டுமே எண்ணுகிறது. எங்கே எஞ்சியது, ஏன் எஞ்சியது, எஞ்சாத இடத்தில் என்ன நடந்தது என்பவற்றை எண்ணுவதில்லை. ஆய்வாளருக்கு வேண்டியவை பெரும்பாலும் இம்மூன்றுமே.

ஆகவே தமிழில் இத்தகைய பொருள்களுக்குக் குறிப்பு எழுத நேர்பவர்கள் ‘அசல் மேற்பூச்சு: ஆம் / இல்லை’ என்ற கட்டத்தை நிரப்பாமல் விடுவதே நன்று. அதற்கு மாறாக, பரப்பு எவ்வகையது என்பதை நீலம், முலாம், வன்மேற்பரப்பு, பாஸ்பேட், சாயம் என்று பிரித்து எழுதலாம். அது எவ்வாறு குறைந்திருக்கிறது என்பதைத் தேய்ந்தது, உரிந்தது, மங்கியது, கழன்றது என்று உரிய வினையால் எழுதலாம். ‘அசல்’ என்னும் இடத்தில் ‘முதல் பரப்பு’, ‘இரண்டாம் பரப்பு’ என்று எண்ணிட்டு, இரண்டாவதை இட்டது தொழிற்சாலையா, படைக்கலச் சாலையா, பெயர் தெரியாத பட்டறையா என்பதையும், அம்முடிவுக்குக் காரணம் துருக்குழியா, எழுத்தா, திருகாணியா, பேரேடா என்பதையும் சேர்த்து எழுதலாம். ஒரு வரியில் முடிந்த குறிப்பு இதனால் ஐந்து வரியாகும். பிற்பாடு வேறொருவர் அதே துப்பாக்கியை எடுத்து, அதே குழியைக் கண்ணாடியில் பார்த்து, முன்னவர் முடிவை மறுக்க அந்த ஐந்து வரி வேண்டும்.